மேலே கல் அசைந்தால்: கிருஷ்ணகிரி, தருமபுரிப் பாறைகளில் ஏறுபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கல் ஒன்று காதோரம் சீறிக்கொண்டு போய்த் தரையில் விழுகிறது. யாருக்கும் அடியில்லை. "தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போச்சு" என்று சொல்லிவிட்டு, அடுத்த வாரமும் அதே இடத்தில் அதே மாதிரி நின்று ஏறுபவருக்குக் கயிறு பிடிக்கிறார்கள். அப்படி நடக்கக் கூடாது என்பதற்காகத்தான் இந்தப் பக்கம். கயிறு கட்டிப் பாறை ஏறுபவர்களை மனதில் வைத்து எழுதியது. கோட்டை மலைகளுக்கு நடந்து ஏறுபவர்களுக்கும் சில பதில்கள் உதவும். கயிறு வேலை தெரியாதவர்கள் இதைப் படித்ததை மட்டும் நம்பி ஏற வேண்டாம். பழகியவர் ஒருவர் உடன் இருக்க வேண்டும்.

இங்கே மலையே ஒரே பாறைதானே? கல் எங்கிருந்து விழும்?

மலை விழாது, மலையின் தோல் விழும். கிருஷ்ணகிரி சையத் பாஷா மலையும் இராயக்கோட்டைக் குன்றும் தூரத்திலிருந்து ஒரே கல்லாகத் தெரியும். கிட்டப் போனால் வெங்காயம்போல அடுக்கடுக்காகத் தோல் விட்டிருப்பது தெரியும். இந்தப் பக்கத்து நைஸ், கிரானைட், சார்னோகைட் வகைப் பாறைகள் எல்லாமே பூமிக்கு அடியில் பெரும் அழுத்தத்தில் உருவானவை. மேலிருந்த சுமை காலப்போக்கில் அரித்துப் போனதும் பாறை விரிகிறது, விரியும்போது தன் மேற்பரப்புக்கு இணையாகவே வெடித்துக்கொள்கிறது. பகல் வெயிலும் இரவுக் குளிர்ச்சியும் அந்த வெடிப்பைத் தினமும் கொஞ்சம் திறந்து கொஞ்சம் மூடுகின்றன. பழைய நாளில் கல்வேலைக்காரர்கள் பாறைமேல் விறகை எரித்துப் பலகை பலகையாகக் கல் பெயர்த்தது இந்தக் குணத்தை வைத்துத்தான். வெயில் அதே வேலையை நிதானமாகச் செய்கிறது. இப்படிப் பாதி பெயர்ந்து, பாதி ஒட்டிக்கொண்டிருக்கும் தகட்டை இந்தப் பக்கத்தில் பொருக்கு என்று குறிப்பிடுகிறோம்.

அடுத்தது குண்டுக்கல். மூலைகள் மழுங்கி உருண்டையான கல், பாறையின் மேல் விளிம்பில் மண்ணின்மேல் உட்கார்ந்திருக்கும். மழைநீர் அடிமண்ணை அரித்துவிட்ட பிறகு, ஒரு ஆடு கால் வைத்தால்கூட அது புறப்பட்டுவிடும். வெடிப்புக்குள் இறங்கிய இச்சி மர வேர் வருடா வருடம் தடித்து, ஆப்பு அடித்ததுபோல் கல்லை நெம்பித் தள்ளுவதும் உண்டு.

மூன்றாவது, மேலே இருக்கும் ஆட்கள். முன்னால் ஏறுபவரின் கால், அவர் பின்னால் இழுபடும் கயிறு, உச்சியில் வேடிக்கை பார்க்க வந்து கல்லை எறிந்து எதிரொலி கேட்கும் பிள்ளைகள், குரங்குக் கூட்டம். கோட்டை மலைகளில் கூடுதலாக மதில் கற்கள் இருக்கின்றன. சுண்ணாம்புக் காரை உதிர்ந்துபோன மதிலில் கல், கல்லின் எடையில் மட்டுமே நிற்கிறது. மதிலுக்கு நேர் கீழே கயிறு போடாதீர்கள்.

எந்தக் காலத்தில், எந்த நேரத்தில் ஆபத்து அதிகம்?

பெருமழைக்குப் பிறகான முதல் சில நாட்கள். சித்திரை, வைகாசியில் இடியோடு கொட்டும் கோடை மழையானாலும் ஐப்பசி, கார்த்திகை அடைமழையானாலும், பாறை இரண்டு மணி நேரத்தில் காய்ந்துவிடும். ஆனால் குண்டுக்கல்லுக்கு அடியில் இருக்கும் மண் அவ்வளவு சீக்கிரம் காயாது, இறுகாது. காய்ந்த பாறையைத் தொட்டுப் பார்த்து "சரி, ஏறலாம்" என்று முடிவு செய்வதுதான் இங்கே நடக்கும் தவறு. நல்ல மழை பெய்தால் குறைந்தது இரண்டு முழு வெயில் நாட்கள் விடுங்கள். மேல் விளிம்பில் மண் சரிவு இருக்கும் இடமென்றால் இன்னும் கூட.

வெயிலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவின் யோசமிட்டி பள்ளத்தாக்கில் கிரானைட் பொருக்கு ஒன்றில் கருவி பொருத்தி அளந்து, 2016இல் முடிவை வெளியிட்டார்கள். வெயில் ஏற ஏற அந்தப் பொருக்கு பாறையை விட்டு ஏறக்குறைய 1 செ.மீ. வரை விலகி, இரவில் திரும்ப ஒட்டியிருக்கிறது. நம் பாறைகளும் அதே குடும்பம்தான். மேற்கு பார்த்த பாறைச் சுவரில் பிற்பகல் 2 மணிக்குப் பொருக்குப் பிடிகளை நம்பி ஏறுவதைவிட, அதே சுவரில் காலை 6 மணிக்குத் தொடங்கி 10, 11 மணிக்குள் இறங்கிவிடுவது நல்லது. இங்கத்துக் கோடையில் அதற்குமேல் கையும் தாங்காது.

ஏறுவதற்கு முன் கீழே இருந்து எதைப் பார்க்க வேண்டும்?

முதலில் தரையைப் பாருங்கள். கல் விழும் இடம் தன்னைத் தானே காட்டிக்கொடுக்கும். சுவரடியில் புல்லுக்கு மேல் கிடக்கும் கல் புதிது, புல் மூடிய கல் பழையது. விளிம்பு கூராக, உடைந்த முகம் வெளுப்பாக இருந்தால் அண்மையில் விழுந்தது. கறுத்து, பாசியும் கற்பாசியும் படிந்திருந்தால் பல ஆண்டுகள் ஆகியிருக்கும். மரப்பட்டையில் ஆள் உயரத்தில் கொத்துப்பட்ட காயம் இருந்தால், கல் துள்ளி வரும் தூரம் அதுவரை என்று அர்த்தம். உடைகற்கள் விசிறிபோலப் பரந்து கிடந்தால் அந்த விசிறியின் உச்சியிலிருந்து நேர் மேலே பாருங்கள். வாய் அங்கேதான் இருக்கும்.

பிறகு இருபது, முப்பது அடி பின்னால் போய்ச் சுவரைப் பாருங்கள். கறுத்த பாறையில் சதுரமாகவோ பிறை வடிவிலோ வெளிர்நிறத் திட்டு இருந்தால் அங்கிருந்து பொருக்கு பெயர்ந்திருக்கிறது. பெயர்ந்த இடத்துக்கு மேல் விளிம்பில் மிச்சம் இருப்பது தாங்கலை இழந்து தொங்கிக்கொண்டிருக்கும், அதைத் தொடக் கூடாது. சுவருக்கும் பொருக்குக்கும் நடுவில் வெளிச்சம் தெரிந்தால், அல்லது புல்லும் செடியும் ஒரே கோட்டில் வளர்ந்திருந்தால், அது திறந்த வெடிப்பு.

கடைசியாக, முடிந்தால் பின்பக்கமாக நடந்து உச்சிக்குப் போய் விளிம்பைப் பார்த்துவிடுங்கள். இங்குள்ள பெரும்பாலான குன்றுகளுக்கு ஒரு பக்கமாவது கோயில் படியோ ஆட்டுத் தடமோ இருக்கும். இருபது நிமிடம் ஆகும், அவ்வளவுதான். விளிம்பிலிருந்து 3 மீட்டருக்குள் கிடக்கும் தளர்ந்த சிறு கற்களைப் பொறுக்கி உள்பக்கம் வையுங்கள். ஆடு மேய்ப்பவர் இருந்தால் கீழே ஆட்கள் இருப்பதைச் சொல்லி, கொஞ்ச நேரம் மந்தையை அந்தப் பக்கம் விடாமல் பார்த்துக்கொள்ளக் கேளுங்கள். எந்தக் கல் ஆடும், எது போன மழையில் விழுந்தது என்பதும் அவருக்குத்தான் தெரியும். விடுமுறை நாளில் உச்சியில் கூட்டம் வரும் மலை என்றால் உங்களில் ஒருவர் மேலேயே இருக்க வேண்டும்.

கைப்பிடி உறுதியானதா என்று எப்படிச் சோதிப்பது?

பாருங்கள், தட்டுங்கள், பிறகு இழுங்கள். இந்த வரிசை மாறக் கூடாது. எல்லாப் பக்கமும் வெடிப்புச் சூழ்ந்த கல்லைத் தட்டிப் பார்க்கத் தேவையே இல்லை, விட்டுவிடுங்கள். ஒரு பக்கமோ இரண்டு பக்கமோ பாறையோடு சேர்ந்திருந்தால், விரல் முட்டியால் அல்லது உள்ளங்கைக் குதியால் மூன்று, நான்கு இடத்தில் தட்டுங்கள். உறுதியான பாறையில் தட்டினால் கைதான் வலிக்கும், சத்தம் பெரிதாக வராது. பின்னால் காலி இருந்தால் மண்பானையைத் தட்டியதுபோல் பொள்ளலாக ஒலிக்கும். மற்றொரு கையை அதே கல்லின் மேல் வைத்துக்கொண்டு தட்டினால் அதிர்வு தெரியும். காதைவிட அந்தக் கை சரியாகச் சொல்லும், காற்று அடிக்கும் நாளில் இன்னும்.

பொள்ளலாக ஒலித்தாலே விழுந்துவிடும் என்றில்லை. பெரிய பொருக்கு பல ஆண்டுகள் அப்படியே நிற்கும். அதைத் தவிர்க்க வழியே இல்லையென்றால் பாறையோடு சேர்ந்திருக்கும் அடிப்பக்கமாகப் பிடித்து, நேர் கீழ்நோக்கி மட்டும் எடை கொடுங்கள். வெளிப்பக்கமாக இழுத்தால் அது நெம்புகோல் ஆகிவிடும். இரண்டு கையையும் ஒரே பொருக்கில் வைக்காதீர்கள். ஒரு கையும் இரண்டு காலும் வேறு உறுதியான இடத்தில் இருந்தால், பொருக்கு கையோடு வந்தாலும் நீங்கள் நிற்பீர்கள்.

பலர் மறப்பது காலை. கைப்பிடியை ஐந்து முறை தட்டிப் பார்த்தவர், அடுத்த அடியில் அதே கல்லின் மேல் முழு எடையோடு மிதித்து ஏறுவார்.

பொருக்குக்குப் பின்னால் கேம் வைக்கலாமா?

மெல்லிய பொருக்கு என்றால் வேண்டாம். கேம் என்பது வெடிப்புக்குள் வைத்துக் கயிற்றை மாட்டும், விரிந்து இறுகும் கருவி. அது தாங்குவதே இரண்டு பக்கச் சுவரையும் வெளியே தள்ளித்தான். விழும் ஆளின் இழுவிசையைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விசை ஒவ்வொரு பக்கத்துச் சுவரிலும் விழுகிறது. பாதி ஒட்டிய தகட்டுக்குப் பின்னால் அந்த விசை வந்தால் தகடே பெயரும். அப்போது கேமும் போகும், தகடும் உங்கள் கயிற்றோடு கீழே வரும். வழியில் சந்தேகமான கல் இருந்தால் அதற்கு முன்னும் பின்னும் 60 அல்லது 120 செ.மீ. ஸ்லிங் (நாடா வளையம்) போட்டுக் கயிற்றை ஒதுக்கி எடுங்கள். நேராகப் போகும் கயிறு கல்லின்மேல் உரசாது. அந்தக் கல்லில் சாக்கட்டியால் பெருக்கல் குறி போட்டு, பின்னால் வருபவருக்கும் சொல்லிவிடுங்கள்.

கயிறு பிடிப்பவர் எங்கே நிற்க வேண்டும்?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். ஹெல்மெட் வாங்குவதற்கு ஆகும் யோசனையில் கால்வாசி கூட நிற்கும் இடத்துக்கு யாரும் கொடுப்பதில்லை. கல் வராத இடத்தில் நிற்பவருக்கு ஹெல்மெட்டின் வேலையே வராது.

கணக்கைப் பாருங்கள். 10 மீட்டர் உயரத்திலிருந்து நேராக விழும் கல் தரைக்கு வர 1.4 வினாடி. 20 மீட்டரிலிருந்து 2 வினாடி, வேகம் மணிக்கு சுமார் 70 கி.மீ. 30 மீட்டரிலிருந்து 2.5 வினாடி, வேகம் 85 கி.மீ.க்கு மேல். மேலே இருப்பவர் உணர்ந்து கத்தவும், நீங்கள் கேட்டுப் புரிந்துகொள்ளவும் ஒரு வினாடி போய்விடும். மிச்சத்தில் ஓட முடியாது, ஒரு எட்டு வைக்கலாம். அந்த ஒரு எட்டிலேயே பாதுகாப்பான இடத்துக்குப் போகும்படி முதலிலேயே நிற்க வேண்டும்.

செங்குத்தான அல்லது வெளியே சாய்ந்த சுவரில், கல் சுவரை விட்டு விலகித்தான் விழும். அங்கே ஏறும் கோட்டிலிருந்து 2 மீட்டராவது பக்கவாட்டில், சுவரை ஒட்டி நில்லுங்கள். ஆனால் நம் பக்கத்தில் அதிகம் இருப்பது சாய்ந்த மொட்டைப் பாறை. அதில் கல் நேராக விழாது. உருண்டு, சின்னப் படிகளில் பட்டு, கடைசித் துள்ளலில் எந்தப் பக்கமும் திரும்பும். சுவரை ஒட்டி நின்றாலும் தப்ப முடியாது. அங்கே பக்கவாட்டில் 4, 5 மீட்டர் விலக வேண்டும், முடிந்தால் கீழே உறுதியாக நிற்கும் பெரிய குண்டுக்கல்லோ மரமோ உங்களுக்கும் விழும் கோட்டுக்கும் நடுவில் இருக்கட்டும்.

விலகி நிற்பதில் ஒரு சிக்கல் உண்டு. முன்னால் ஏறுபவர் தவறி விழுந்தால், கயிறு உங்களைச் சுவரை நோக்கி, அதாவது கல் விழும் இடத்துக்கே, இழுத்துப் போகும். அதனால் தள்ளி நின்றால் பின்னால் ஒரு மரத்திலோ பாறையிலோ ஸ்லிங் போட்டு, இடுப்பில் மாட்டிய ஹார்னஸ் பட்டையைக் கட்டிக்கொள்ளுங்கள். பக்கவாட்டில் ஒரு எட்டு வைக்கும் அளவுக்குத் தளர்வு இருக்கட்டும். மற்றவர்கள், பைகள், சாப்பாடு, கூட வந்த குழந்தைகள் எல்லாம் விசிறிக்கு வெளியே. நிழல் இருக்கிறது என்று சுவரடியில் பாய் விரிக்கிற பழக்கத்தை விடச் சொல்லி நாங்கள் கெஞ்சியே கேட்கிறோம்.

கல் விழுந்தால் என்ன சொல்லிக் கத்துவது?

"கல்லு!" ஒரே சொல், முழுத் தொண்டையில், விழுந்து முடியும்வரை திரும்பத் திரும்ப. ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் கன்னடம் பேசுபவருக்கும் அதே சொல் புரியும். தெலுங்குக்காரர் இருந்தால் "ராயி" என்பார். வெளியூர்க் குழுக்கள் "ராக்" என்று கத்துவார்கள். ஏறுவதற்கு முன் எந்தச் சொல் என்று ஒரு முறை பேசிக்கொள்ளுங்கள். தண்ணீர் பாட்டிலோ காரபினர் கொக்கியோ விழுந்தாலும் அதே சொல்தான், விளக்கம் பிறகு. "பார்த்து", "ஏய்", ஆளின் பெயர் இதெல்லாம் வேண்டாம். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் மனிதர் முகத்தைத் தூக்கிப் பார்ப்பார்.

சத்தம் கேட்டதும் மேலே பார்க்கலாமா?

நீங்கள் சுவரில் இருந்தாலோ, சுவரை ஒட்டி நின்றாலோ பார்க்காதீர்கள். உடலைப் பாறையோடு ஒட்டி, தாடையை நெஞ்சோடு சேர்த்து, தோளைத் தூக்கி, ஹெல்மெட்டுக்குக் கீழே உங்களைச் சுருக்கிக்கொள்ளுங்கள். முதுகில் பை இருந்தால் கழுத்து வரை ஏறட்டும். கையைத் தலைக்கு மேல் வைக்க வேண்டாம், விரல்தான் நசுங்கும். சுவரிலிருந்து பத்து மீட்டருக்கு மேல் தள்ளி, திறந்த வெளியில் நிற்பவர் மட்டும் மேலே பார்க்கலாம். கல் எந்தப் பக்கம் துள்ளுகிறது என்று கடைசிவரை பார்த்துவிட்டு விலக அவருக்கு நேரமிருக்கும். முதுகைக் காட்டி ஓடுவது எங்கே நின்றாலும் தவறு.

கயிறு பிடிப்பவர் எது நடந்தாலும் பிரேக் கையை (கயிறு ஓடாமல் இறுக்கிப் பிடிக்கும் கையை) விடக் கூடாது. இதைச் சொல்வது எளிது, கல் வரும்போது செய்வது கடினம். ஆளில்லாத இடத்தில், கயிறு பிடித்தபடியே "கல்லு" என்ற சத்தத்துக்கு ஒரு எட்டு விலகிச் சுருங்குவதைப் பத்து முறை பழகிப் பாருங்கள்.

கயிறு பிடிக்கும் (பிலே) கருவியில் வித்தியாசம் உண்டா?

உண்டு. கிரிகிரி போன்ற தானே இறுகும் கருவியில், பிடிப்பவர் அடிபட்டுக் கையை விட்டாலும் பெரும்பாலும் கயிறு நின்றுவிடும். ஏடிசி வகைக் குழாய்க் கருவியில் நிற்காது. தளர்ந்த பாறையில் ஏறும் நாளில் நாங்கள் முதல் வகையைத்தான் சொல்வோம். தானே இறுகும் என்பதற்காகக் கையை எடுக்கலாம் என்று பொருளில்லை.

எந்த ஹெல்மெட்? பைக் ஹெல்மெட், குவாரி ஹெல்மெட் போதாதா?

பாறை ஏறுவதற்கான ஹெல்மெட்டின் உள்ளே ஈ.என். 12492 அல்லது யூ.ஐ.ஏ.ஏ. 106 என்று அச்சிட்டிருக்கும். முதலாவது ஐரோப்பியத் தரம், இரண்டாவது சர்வதேச மலையேற்றக் கூட்டமைப்பின் தரம். ஈ.என். சோதனையில் 5 கிலோ எடையை 2 மீட்டர் உயரத்திலிருந்து ஹெல்மெட்டின் உச்சியில் போடுகிறார்கள். உள்ளே தலைக்குப் போகும் விசை 10 கிலோநியூட்டனைத் தாண்டக் கூடாது, யூ.ஐ.ஏ.ஏ. அளவில் 8. இதை நம் பாறைக்கு மாற்றிப் பார்த்தால் புரியும். கிரிக்கெட் பந்து அளவு கிரானைட் கல் ஏறக்குறைய அரை கிலோ. அது 20 மீட்டரிலிருந்து விழுந்தால் இந்தச் சோதனையில் வரும் ஆற்றலுக்குச் சமம். மட்டை உரித்த தேங்காய் அளவுக் கல் 2 கிலோவை நெருங்கும், அதே உயரத்திலிருந்து வந்தால் சோதனையைப் போல நான்கு மடங்கு. ஹெல்மெட் காப்பாற்றுவது சில்லிலிருந்தும் பந்து அளவுக் கல்லிலிருந்தும்தான். தேங்காயிலிருந்து காப்பாற்றுவது நீங்கள் நிற்கும் இடம்.

குவாரி, கட்டட வேலை ஹெல்மெட்டில் குறை ஓட்டில் இல்லை, பட்டையில். ஐரோப்பியத் தரமான ஈ.என். 397இன்படி, தாடைப்பட்டை 15 முதல் 25 கிலோ இழுவையில் தானே கழன்றுவிட வேண்டும். ஹெல்மெட் எதிலாவது சிக்கினால் கழுத்து இறுகக் கூடாது என்பதற்காக அப்படி. பாறை ஹெல்மெட்டின் பட்டை 50 கிலோ வரை தாங்க வேண்டும். முதல் கல் பட்டதும் ஹெல்மெட் பறந்துபோனால் இரண்டாவது கல்லுக்கு வெறும் தலைதான் மிச்சம், கல் தனியாக வருவதும் குறைவு. பைக் ஹெல்மெட் காதை மூடும், மேலே பார்க்க விடாது, வெயிலில் அரை மணி நேரத்தில் கழற்றி வைத்துவிடுவீர்கள். கீழே நிற்பவர் எதுவுமே இல்லாமல் நிற்பதற்கு அது மேல், ஏறுவதற்கு உதவாது.

போடும்போது முன் விளிம்பு புருவத்துக்கு மேல் இரண்டு விரல் அகலத்தில் இருக்கட்டும். நெற்றி தெரியப் பின்னால் சாய்த்துப் போடுவது படத்துக்கு அழகு, கல்லுக்கு வழி. பட்டைக்கும் தாடைக்கும் நடுவில் ஒரு விரல் நுழையலாம். நுரை வகை ஹெல்மெட்டில் வெளியே கீறல்தான் தெரியும், உள்ளே நசுங்கியிருக்கும். பலமான ஓர் அடி வாங்கியதும் அதை மாற்றிவிடுங்கள். அடியே படாவிட்டாலும் பிளாஸ்டிக்குக்கு ஆயுள் உண்டு. தயாரித்த தேதி உள்ளே இருக்கும், தயாரிப்பாளர் சொன்ன ஆண்டுகள் முடிந்ததும் கழித்துவிடுங்கள். காரின் பின்கண்ணாடிக்குக் கீழே வெயிலில் போட்டு வைத்தால் அதற்கும் முன்பே போய்விடும்.

கயிற்றில் இறங்கும்போது ஏன் கல் அதிகம் விழுகிறது?

ராப்பலில் கயிறு விளிம்பில் அங்குமிங்கும் துடைப்பம்போல் நகர்கிறது, வழியில் இருப்பதையெல்லாம் கூட்டிக் கீழே தள்ளுகிறது. அதனால் ஆங்கரிலிருந்து (மேலே கயிறு கட்டியிருக்கும் பிடிப்பிலிருந்து) நேர்கோட்டில் இறங்குங்கள், பக்கவாட்டில் ஓடாதீர்கள். கீழே முதலில் போனவர் கயிற்றை விட்டதும் உடனே கோட்டுக்கு வெளியே போய்விட வேண்டும். 6 மி.மீ. சிறுகயிற்றை இறங்கும் கயிற்றின்மேல் மூன்று, நான்கு சுற்றுச் சுற்றிய புருசிக் வகை முடிச்சைக் கருவிக்குக் கீழே, ஹார்னஸின் கால் வளையத்தில் மாட்டினால், கல் பட்டு நினைவிழந்தாலும் அங்கேயே நிற்பீர்கள். கயிற்றின் இரண்டு நுனியிலும் முடிச்சு. எல்லோரும் இறங்கிய பின் கயிற்றை உருவும்போதுதான் கடைசிக் கல் வரும், அப்போது எல்லோரும் ஹெல்மெட்டைக் கழற்றியிருப்பார்கள். கயிறு தரைக்கு வந்து சுற்றி வைக்கும்வரை ஹெல்மெட் தலையில் இருக்கட்டும்.

ஆடும் கல்லைக் கண்டால் தள்ளிவிடலாமா?

பெரும்பாலும் கூடாது. கீழே ராகி வயல், மாந்தோப்பு, ஆட்டுப் பட்டி, கோயில் பாதை எது இருக்கிறது என்று மேலிருந்து முழுதாகத் தெரியாது. உருளும் கல் மரங்களுக்குள் மறைந்து, நீங்கள் நினைத்ததைவிட வெகுதூரம் போகும். மலைத்தேனீ அடை இருக்கும் சுவரில் கல் உரசினால் கயிற்றில் தொங்குபவருக்கு ஓட வழியே இல்லை. கையில் அடங்கும் கல் என்றால் எடுத்து உள்பக்கம் வையுங்கள். பெரியது என்றால் குறியிட்டு, அந்த வழியை விடுங்கள். கோட்டை மலைகளில் ஒரு கல்லையும் தள்ளவோ பெயர்க்கவோ கூடாது.

கைவிட்ட குவாரியில் ஏறலாமா?

வேண்டாம் என்பதே எங்கள் பதில். ஜல்லிக் குவாரிச் சுவர் வெடி வைத்து உடைத்தது. வெடியின் அதிர்ச்சி எடுத்த கல்லோடு நிற்காமல் பின்னால் இருக்கும் பாறைக்குள்ளும் வெடிப்பை விட்டுப் போகும். சுவரில் பாதிக் குழாய்போல் துளைத் தடங்கள் தெரிந்தால் அங்கே வெடித்திருக்கிறார்கள். இயற்கைப் பாறையில் தளர்ந்ததில் பெரும்பகுதி பல மழையில் விழுந்து தீர்ந்திருக்கும், குவாரிச் சுவருக்கு அந்த வயது ஆகவில்லை. வயர் சா (கம்பி வாள்) வைத்து அறுத்த கிரானைட் சுவர் வழவழப்பாக உறுதியாகத் தெரியும். ஆனால் அதன் மேல் விளிம்பில் கழிவுக் கல் குவிந்திருக்கும், அடியில் ஆழம் தெரியாத தண்ணீர். பக்கத்தில் வெடி வைக்கும் குவாரி இருந்தால், வெடி நேரத்தைக் கேட்டுக்கொண்டு அந்த நேரத்தில் சுவரிலும் சுவரடியிலும் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கல் விழுந்தது, யாருக்கும் அடியில்லை. தொடரலாமா?

உடனே கூடாது. முதல் கல் போன இடத்தில் அதைத் தாங்கியிருந்ததும் தளர்ந்திருக்கும். எல்லோரும் கோட்டுக்கு வெளியே வந்து, குறைந்தது பத்து நிமிடம் சத்தம் கவனியுங்கள். மேலே இருப்பவர் ஆங்கரிலோ உறுதியான பாதுகாப்பிலோ தன்னைக் கட்டிக்கொண்டு காத்திருக்கட்டும். ஒவ்வொருவரையும் வாயால் கேளுங்கள். பதற்றத்தில் அடிபட்டதே சிலருக்குத் தெரியாது, கையை, முதுகை, காலைத் தொட்டுப் பார்க்க வேண்டும்.

அடுத்தது கயிறு. மேலே இருப்பவர் அதில்தான் இறங்கப் போகிறார். தரையில் கிடந்த பகுதியைக் கட்டாயம் பாருங்கள், ஏனெனில் கயிறு அறுபடுவது பெரும்பாலும் கல்லுக்கும் தரைப் பாறைக்கும் நடுவில் நசுங்கித்தான். ஒரு ஜாணுக்கு ஒரு முறை விரலால் அழுத்தியபடி முழுக் கயிற்றையும் உருவுங்கள். சந்தேகமான இடத்தை வளைத்துப் பாருங்கள். நல்ல கயிறு வட்டமாக வளையும், உள்நூல் போன இடம் ஊசிபோல் மடியும். அங்கே தட்டையாகவோ பொதபொதவென்றோ இருக்கும். உறை கிழிந்து வெள்ளை உள்நூல் தெரிந்தால் அந்தப் பகுதிக்கு எடை கொடுக்கக் கூடாது. இறங்குவதற்கு வேறு கயிறே இல்லையென்றால், கெட்ட இடத்தை பட்டர்ஃபிளை முடிச்சின் கண்ணுக்குள் ஒதுக்கிக் கட்டலாம். முடிச்சு கருவிக்குள் போகாது என்பதை முன்பே யோசித்துக்கொள்ளுங்கள். நுனியிலிருந்து இரண்டு, மூன்று மீட்டருக்குள் காயம் என்றால் வீட்டுக்குப் போய் வெட்டிவிட்டு, நடுப்புள்ளியைப் புதிதாகக் குறிக்கலாம். நடுவில் என்றால் கயிறு முடிந்தது.

ஸ்லிங், ஆங்கர், ஹெல்மெட் எல்லாம் சரியாக இருந்து, கல் ஏன் விழுந்தது என்று தெளிவாகத் தெரிந்தால் (காலால் தட்டியது, கயிறு இழுத்தது) வேறு கோட்டில் ஏறலாம். காரணம் தெரியாமல் தானாக விழுந்தது என்றால் அன்றைக்கு அந்தச் சுவரை விட்டு இறங்குங்கள். மலை அங்கேயேதான் இருக்கும்.

ஒருவருக்கு அடிபட்டுவிட்டது. முதலில் என்ன?

மறுபடி கல் வருமா என்று பாருங்கள். ஓடிப் போய் அவர் மேல் குனிந்த இரண்டாவது ஆளும் அடிபடக் கூடாது. ஆபத்து தொடர்ந்தால் முதலில் அவரைக் கோட்டுக்கு வெளியே நகர்த்துங்கள், தலையும் கழுத்தும் உடலும் ஒரே நேரில் இருக்கும்படி. ஆபத்து இல்லையென்றால் நகர்த்தாமல் தலையை இரண்டு கையால் அசையாமல் பிடித்துக்கொள்ளுங்கள். மூச்சுக்குத் தடை இல்லாதவரை ஹெல்மெட்டைக் கழற்ற வேண்டாம்.

கயிற்றில் தொங்கியபடி நினைவிழந்தவரை மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் கீழே இறக்க வேண்டும். ஹார்னஸில் அசையாமல் தொங்குவதே சில நிமிடங்களில் உயிருக்கு ஆபத்தாகும். இறக்கியதும் படுக்க வையுங்கள். உட்கார வைத்திருக்க வேண்டும் என்ற பழைய அறிவுரையை இப்போது கைவிட்டுவிட்டார்கள்.

ரத்தம் கொட்டினால் சுத்தமான துணியை மடித்து, பத்து நிமிடம் விடாமல் அழுத்துங்கள், நடுவில் எடுத்து எடுத்துப் பார்க்காதீர்கள். கை, காலில் பீறிட்டு நிற்காமல் போனால் காயத்துக்கு நான்கு விரல் மேலே, மூட்டில் இல்லாமல், அகலமான பட்டையால் இறுகக் கட்டி நேரத்தை எழுதி வையுங்கள். தலையில் அடிபட்டவர் "ஒன்றுமில்லை" என்று எழுந்து நின்றாலும் நம்பாதீர்கள். சிறிது நேரம் நினைவு தப்பியது, திரும்ப வாந்தி, தூக்கம் தூக்கமாக வருவது, ஒரே கேள்வியைத் திரும்பக் கேட்பது, கண்மணி இரண்டும் ஒரே அளவில் இல்லாதது, காதிலோ மூக்கிலோ ரத்தமோ தண்ணீர்போலவோ வடிவது, இவற்றில் ஒன்று இருந்தாலும் நேரே மருத்துவமனை. எதுவும் இல்லாவிட்டாலும் 24 மணி நேரம் தனியாக விடக் கூடாது. வலிக்கு ஆஸ்பிரின், ஐபுபுரூஃபன் கொடுக்க வேண்டாம், ரத்தக் கசிவைக் கூட்டும்.

108க்குக் கூப்பிடுங்கள். உயரத்தில் சிக்கியவரை இறக்கத் தீயணைப்பு, மீட்புப் பணிக்கு 101. எதுவும் கிடைக்காவிட்டால் 112. மலையின் பெயரை மட்டும் சொன்னால் போதாது, ஒரே குன்றுக்கு இந்தப் பக்கத்து ஊரில் ஒரு பெயர், அந்தப் பக்கத்தில் இன்னொரு பெயர். அருகிலுள்ள ஊர், எந்தச் சாலையிலிருந்து பிரிய வேண்டும், வண்டி எதுவரை வரும், இவற்றைச் சொல்லி, ஒருவரைச் சாலைக்கே அனுப்பி நிற்க வையுங்கள். அஞ்செட்டி, பென்னாகரம் பக்கத்துக் காட்டுப் பள்ளங்களில் சிக்னல் அறுந்துபோகும். எந்த மேட்டில் சிக்னல் கிடைக்கிறது என்பதைப் போகும் வழியிலேயே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். கிருஷ்ணகிரி, தருமபுரி இரண்டு ஊரிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. பாறையிலிருந்து சாலைவரை ஆளைத் தூக்கி வரக் குறைந்தது ஆறு பேர் வேண்டும், மூன்று பேராகப் போயிருந்தால் ஊர்க்காரர்களின் உதவியை உடனே கேளுங்கள்.

அனுமதி ஏதும் வேண்டுமா?

காப்புக் காடு, காவிரி வடக்கு, தெற்கு வன உயிரினச் சரணாலயங்கள் எல்லாவற்றுக்கும் வனத்துறை அனுமதி வேண்டும். அங்கே கல்லுக்கு முன்னால் யானையை நினைக்க வேண்டும். கிருஷ்ணகிரி, இராயக்கோட்டைக் கோட்டைகள் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளவை, போல்ட் அடிக்கவோ மதிலில் கயிறு கட்டவோ முடியாது. பட்டா நிலத்துக் குன்று என்றால் நிலத்துக்காரரிடம் ஒரு வார்த்தை.

விழுந்த கல்லைப் பற்றி யாருக்குச் சொல்வது?

அடுத்து அங்கே ஏறப் போகிறவருக்கு, அன்றைக்கே. எந்தச் சுவர், தரையிலிருந்து எத்தனை மீட்டர், என்ன அளவு, எத்தனை மணிக்கு, எதனால், இன்னும் என்ன தொங்குகிறது, இந்த ஆறும் போதும். கீழே நின்று எடுத்த ஒரு படத்தில் பெயர்ந்த இடத்தை வட்டமிட்டு அனுப்புங்கள். சுவரடியில் ஆடு மேய்ப்பவருக்கும், கோயிலுக்கோ தர்காவுக்கோ அந்த வழியாக வருபவர்களுக்கும் நேரில் போய்ச் சொல்ல வேண்டும். குழுவில் போடும் செய்தி அவர்களுக்குப் போய்ச் சேராது.